எக்ஸ் எக்ஸ் எக்ஸ் எழுதிக்கொண்ட விண்ணப்பம்

ஆங்கிலக் கல்வி நம்மை அடிமைப்படுத்தியது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்துக்கு ஒரு டாஃபடில் பூ கட்டாயம் தேவைப்படுகிறது. கண்ணால் பார்த்திராத ஒரு பூவைப் பற்றி வேர்ட்ஸ்வொர்த் எழுதியதை மனப்பாடம் செய்யவைத்துத்தான் காலனியம் நம் கற்பனையைக் கைப்பற்றியது என்கிறார்கள். ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்டின் 'லூசி' (1990) நாவலில் அந்தப் பூவின்மேல் வருகிற கோபம் உண்மையான கோபம்தான். அதைப் பதியன் போட்டு இங்கே கொண்டுவந்து நட்டுவைக்கும் நம் பேராசிரியர்கள்மீதுதான் எனக்குச் சந்தேகம். கௌரி விஸ்வநாதனின் 'மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்' (1989) நூலையும் இவர்கள் அடிக்கடி துணைக்கு அழைக்கிறார்கள். இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக நிலைபெறும் முன்பே (ஆக்ஸ்ஃபோர்டில் அதற்கென்று தனிப் பிரிவு வந்தது 1890களில்தான்) இந்தியாவில் அது ஆளுகைக்கான கருவியாகப் பாடமாக்கப்பட்டுவிட்டது என்பதை ஆவணங்களோடு காட்டிய நூல் அது. எனக்கு அதில் மறுப்பு ஏதுமில்லை. என் தடை வேறு. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த எங்களைப் போன்றவர்கள் வேர்ட்ஸ்வொர்த்தைப் படிக்கவேயில்லை.

படித்தோம் என்று மார்க் ஷீட் சொல்லும். இரண்டாயிரங்களில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் இரண்டு தாள்கள் இருந்தன, இப்போது ஒன்றாக்கிவிட்டார்கள். செய்யுளுக்கு இவ்வளவு, உரைநடைக்கு இவ்வளவு, இலக்கணத்துக்கு இவ்வளவு, கடிதத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண்கள் வரப்பு கட்டிப் பிரிக்கப்பட்டிருந்தன. கவிதை என்றால் 'மெமரி பொயம்'. காற்புள்ளி விட்டால் மார்க் போகும், கவிஞர் பெயரை எழுத மறந்தால் போகும். உரைநடை என்றால் கைடில் உள்ள பத்தி. ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், அதற்குத் தமிழில் அர்த்தம் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான பீரியட். இலக்கியம் எங்களைக் காலனியப்படுத்தவில்லை, ஏனென்றால் அது எங்கள் பெஞ்சுவரை வந்து சேரவேயில்லை. 'தரமான ஆங்கிலக் கல்வி' கிடைத்தவர்களின் துயரத்தை எல்லோருடைய துயரமாகவும் பொதுமைப்படுத்துவதில் ஒரு வர்க்கப் பார்வை ஒளிந்திருக்கிறது. நம் பின்காலனியர்கள் அதைப் பேசுவதில்லை.

எங்களிடம் வந்து சேர்ந்தது கடிதம். குறிப்பாக, லீவ் லெட்டர்.

ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கி நாங்களாக எழுதிய முதல் வாக்கியம் நோயைப் பற்றியது: ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். எங்கள் வகுப்பில் ஒருத்தன் கடலைக்காய் பிடுங்கப் போயிருப்பான், ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றிருப்பாள், ஒருத்தன் விடியவிடியக் கூத்துப் பார்த்துவிட்டுத் தூங்கியிருப்பான். எல்லோரும் ஃபீவர் என்றே எழுதினோம். வயிற்றுப்போக்குக்கு ஸ்பெல்லிங் தெரியாது. கூத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லே கிடையாது. ஹெட்மாஸ்டருக்கு அது பொய் என்று தெரியும். தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். அவர் கேட்டது உண்மையை அல்ல, வடிவத்தை. கடலைக் கொல்லையில் நின்ற உடம்பு, கடிதத்தில் காய்ச்சல் கண்ட உடம்பாக மாற்றி எழுதப்பட்டால்தான் விடுப்புக்குத் தகுதி பெறும். உழைக்கிற உடம்பை நிறுவனத்துக்குப் புரிகிற நோயாளி உடம்பாக மொழிபெயர்க்கிற இந்தப் பயிற்சி, டாஃபடிலைவிட ஆழமாகப் போனது என்பதே என் கருத்து.

தேர்வில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். விடைத்தாளில் சொந்தப் பெயரையோ ஊரையோ எழுதக் கூடாது. ஆகவே அனுப்புகிறவன் பெயர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஊர் ஒய் ஒய் ஒய். (தமிழ்த் தாளில் இவனே அ.அ.அ. என்றும் ஆ.ஆ.ஆ. என்றும் அவதாரம் எடுப்பான்.) காரணம் நியாயமானது: திருத்துகிறவருக்கு ஆள் தெரியக் கூடாது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதச் சொல்லி மூன்று வருடம் பழக்குகிறார்கள். அந்த மூன்று வருடமும் புகார் செய்கிறவனுக்குப் பெயர் இல்லை, இருட்டாக இருக்கும் தெருவுக்கும் பெயர் இல்லை. பெயரில்லாமல் போகும் புகாரை நம் ஊரில் மொட்டைப் பெட்டிஷன் என்பார்கள். அதைக் குப்பைக் கூடையில் போடலாம்.

*

அல்துஸ்ஸர் 1970இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தெருவில் போகிறவனைப் போலீஸ்காரன் 'ஏய்' என்று கூப்பிடுகிற காட்சி வரும். அவன் திரும்பிப் பார்க்கிற கணத்திலேயே அதிகாரத்தின் தன்னிலையாகிவிடுகிறான். தமிழில் இதை 'விளித்தல்' என்று எழுதிவருகிறோம். தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஒரு தனி இயலே இருக்க, அந்தச் சொல்லை எடுத்தவர்கள் அந்த இயலைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. எந்தப் பெயர் விளியேற்கும், எது ஏற்காது, அண்மையில் உள்ளவரை எப்படிக் கூப்பிடுவது, தொலைவில் உள்ளவரை எப்படி என்று விரிகிற இயல் அது. கூப்பிடுவதற்கு ஓர் இலக்கணம் உண்டு என்பதும், கூப்பிடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவிலுள்ள தூரம் அதில் பதிவாகும் என்பதும் நம் மரபுக்குத் தெரிந்த விஷயம்.

லீவ் லெட்டரில் அல்துஸ்ஸரின் காட்சி தலைகீழாகிறது. இங்கே போலீஸ்காரன் நம்மைக் கூப்பிடவில்லை, நாம்தான் அவனைக் கூப்பிடுகிறோம். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடிக்கிறோம். கூப்பிடும் சொல்லை மட்டும் அவன் கொடுத்திருக்கிறான். இந்த வடிவம் ஆங்கில வகுப்போடு நிற்கவில்லை. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. அலுவலகத்தில் மொழி மாறியது, கடிதத்தின் எலும்புக்கூடு மாறவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று அப்படியே பெயர்த்து வைத்தார்கள். தமிழ்வழி மாணவன் தமிழில் எழுதும் விடுப்புக் கடிதத்தின் அடியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று போடுகிறானே, அது எந்த ஊர்த் தமிழ்? ஆங்கிலம் தெரியாதவனும் ஆங்கிலத்தில்தான் பணிகிறான்.

இதற்கு முன்பு நாம் பணியவில்லை, காலனியம் வந்துதான் கெடுத்தது என்று இதைப் படிக்கும் தமிழய்யா மகிழ வேண்டாம். பழைய ஓலையையும் காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள். 'ம-ள-ள-ஸ்ரீ' என்ற அடைமொழியும், தேவரீர் பாதாரவிந்தமும், அடியேன் தண்டனிட்டு எழுதிக்கொண்ட விண்ணப்பமும் அங்கே வரிசையாக நிற்கும். இரக்கும்போது ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களில் எதை யார் சொல்லலாம் என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் விதித்திருக்கிறார்கள். கேட்கிறவன் தாழ்ந்தவனானால் ஈ, ஒத்தவனானால் தா, உயர்ந்தவனானால் கொடு. கையேந்துவதற்கும் படிநிலை வைத்த இலக்கணம் இது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்: அது படிநிலையைப் படிநிலை என்றே சொல்லிவிட்டது. ஆங்கில வகுப்பு அதையே 'பொலைட்னஸ்' என்று சொல்லிக்கொடுத்தது.

*

இலக்கணத்துக்கு வருவோம். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் 1930களில் வெளிவந்தது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான பி.சி.ரென் இங்கே கல்வித் துறையில் வேலை பார்த்தவர். அந்நியப் படைப்பிரிவின் வீரசாகசங்களைச் சொல்லும் 'போ ஜெஸ்ட்' (1924) நாவலை எழுதியவரும் அவரே. நாவலில் சாகசமெல்லாம் வெள்ளைக்காரனுக்கு, இலக்கண நூலில் பயிற்சியெல்லாம் நமக்கு என்று எழுத ஆசைதான். அது எளிய அடி, விட்டுவிடலாம். அந்தப் புத்தகத்திலும் அதன் வழிவந்த நூறு கைடுகளிலும் ஒரு பயிற்சி தவறாமல் இருக்கும். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்று. ராமா கில்டு ராவணா. ராவணா வாஸ் கில்டு பை ராமா. இதில் ஒரு துணைவிதி உண்டு. செய்தவன் யாரென்று தெரியாவிட்டால், அல்லது சொல்லத் தேவையில்லை என்றால், 'பை' தொடங்கி வருவதை விட்டுவிடலாம். 'சம்படி', 'பீப்பிள்' என்றெல்லாம் வந்தால் விட்டுவிடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மார்க் குறையும்.

இந்தத் துணைவிதியின் அர்த்தம் எம்.ஏ. தமிழ் முடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தெருவில் பெரியம்மா முறை ஆகிற ஒருவர் உதவித்தொகைக்கு மனுப்போட்டு அலைந்துகொண்டிருந்தார். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம், அதற்கு மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். நான் பேனாவை எடுத்தேன், அவர் சொன்னார்: "எழுது தம்பி. மூணு வாட்டி போயிட்டேன். அந்த சாரு ஃபேனுக்குக் கீழ உக்காந்துகிட்டு, தலைய நிமுத்தாம நாளைக்கி வாங்கிறாரு. மொத வாட்டி ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டாரு, குடுத்தேன். அதையே மறுபடியும் கேக்குறாரு. எங்க போட்டாருன்னு கேளு." நான் எழுதினேன்: 'பலமுறை நேரில் அணுகியும் இதுநாள்வரை எவ்வித நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.' வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கு தம்பி" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஜெராக்ஸத் தொலச்சது வரலியே?" என்று கேட்டார்.

வரவில்லை. ஃபேன் வரவில்லை, நிமிராத தலை வரவில்லை, அந்த சாரே வரவில்லை. 'எடுக்கப்படவில்லை' என்ற சொல்லுக்குள் போய் அவர் ஒளிந்துகொண்டார், ஒளித்துவைத்தவன் நான். அவருடைய பேச்சில் ஒவ்வொரு வினைக்கும் ஓர் ஆள் இருந்தார். பேச்சுத் தமிழில் செயப்பாட்டுவினை அரிதிலும் அரிது. செய்தது யாரென்று தெரியாதபோதும் நாம் 'கொன்னுட்டாங்க', 'எடுத்துக்கிட்டாங்க' என்கிறோம். ஆள் அடையாளம் தெரியாவிட்டாலும் ஆள் உண்டு என்பதை அந்த 'ஆங்க' விடாமல் பிடித்துவைத்திருக்கும். மனுத் தமிழ் அதை அறுத்துவிடுகிறது. செயப்பாட்டுவினை நமக்குப் புதிதில்லை, 'படு' பழைய துணைவினைதான். ஆனால் அலுவலகத் தமிழில் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்', 'பரிசீலிக்கப்பட்டு வருகிறது' என்று அது பெருகிய பெருக்கத்துக்கு ஆங்கிலக் கோப்பும் ஆங்கில வகுப்பின் அந்தப் பயிற்சியும் சேர்ந்தே காரணம் என்று நினைக்கிறேன். இலக்கணப் பகுதியில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கற்ற விதி, கடிதப் பகுதியில் வேலை செய்கிறது. இரண்டும் வேறுவேறு கேள்விகள் என்று நாம் நம்பவைக்கப்பட்டோம். (இந்த வாக்கியத்திலும் பாருங்கள், நம்பவைத்தது யார்?)

*

ஆங்கில வகுப்பே ஒரு மனுவிலிருந்து பிறந்தது என்பது கவனத்திற்குரியது. மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பை மேற்கோள் காட்டுகிற அளவுக்கு நாம் 1839இன் சென்னை மனுவைப் பேசுவதில்லை. ஆங்கிலவழி உயர்கல்வி நிறுவனம் வேண்டும் என்று கேட்டு எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்டு ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் கொடுத்த மனு. 1841இல் திறந்த உயர்பள்ளிதான் பின்னால் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. எனவே திணித்தார்கள் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். வரிசையில் நின்று கேட்டு வாங்கினோம். அந்த எழுபதாயிரத்தில் சேரி இருந்திருக்காது என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தென்னிந்தியாவில் கம்பெனி ஆட்சி எப்படிக் காகிதத்தின் ஆட்சியாகவும் அதை எழுதத் தெரிந்தவர்களின் ஆட்சியாகவும் ஆனது என்பதைப் பவானி ராமன் 'டாக்யுமென்ட் ராஜ்' (2012) நூலில் விரிவாகப் பேசியிருக்கிறார். அர்ஜி, மகஜர், பெட்டிஷன், மனு என்று பெயர் மாறிமாறி வந்தாலும், எழுதத் தெரிந்தவன் நடுவில் நிற்பது மாறவில்லை. பெரியம்மாவுக்கும் கலெக்டருக்கும் நடுவில் நான் நின்றேன்.

பாரதியை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. நெல்லையில் இந்துக் கல்லூரிப் பள்ளியில் இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்த பையன், 1897இல் படிப்புக்கு உதவி கேட்டு எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதுகிறான். 1910இல் வெளியான சுயசரிதையில் அதே படிப்பால் தந்தைக்குச் செலவும் தனக்குத் தீங்குமே மிஞ்சின என்று நொந்துகொள்கிறார். 1919இல் மறுபடி எட்டயபுரத்துக்கே எழுதுகிறார், இம்முறை சீட்டுக்கவியாக. சீட்டுக்கவி விசித்திரமான வடிவம். பொருள் கேட்டு எழுதுவதுதான். ஆனால் புலவன் முதலில் தன் பெருமையைச் சொல்லிக்கொள்வான், அப்புறம்தான் புரவலனைப் பற்றிய பேச்சு. கேட்கிறவன் நிமிர்ந்து நின்று கேட்கிற இந்த மரபு அந்தகக்கவி வீரராகவ முதலியார் போன்றவர்களிடம் செழித்தது. பாரதி அதைக் கையில் எடுத்தபோது, கேட்கிறவரே கொடுக்க வந்தவர்போல நிற்கிறார். 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'க்கு நம்மிடமே ஒரு பதில் இருந்தது என்று இதை வைத்துச் சொல்லலாம்.

சொல்லிவிட்டு உடனே சங்கடப்படவும் வேண்டியிருக்கிறது. சீட்டுக்கவியின் நிமிர்வு யாருக்கு வாய்த்தது? யாப்புத் தெரிந்தவனுக்கு. அரண்மனைவரை ஓலை போய்ச்சேரக்கூடிய சாதியில் பிறந்தவனுக்கு. 'சாமி' என்றும் 'ஆண்டை' என்றும் தெருவில் ஒதுங்கி நின்று கூப்பிட வேண்டியிருந்தவனுக்கு அந்த வடிவத்தில் இடமில்லை. அவன் பேரன் பள்ளிக்கூடம் போய் 'சார்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு வந்தான். யாரை வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடலாம், கூப்பிடப்படுகிறவர் என்ன சாதி என்பது அந்தச் சொல்லில் இல்லை. என் அப்பா ஊரில் சிலரை 'சார்' என்று கூப்பிடத் தொடங்கியபோது அவர்களுக்குக் கோபம் வந்தது, மரியாதைக் குறைவாம். 'ரெஸ்பெக்டட் சார்' அடிமைத்தனத்தின் சொல் என்று மேலே எழுதியவன்தான் இதையும் எழுதுகிறேன். இரண்டும் உண்மை. எதை எதற்காக விட்டுக்கொடுப்பது என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

இந்த இரட்டைத்தன்மையை விளங்கிக்கொள்ளத்தான் இலக்கியம் வேண்டும். ஆங்கில வகுப்பு கடிதத்திலிருந்து வரப்பு போட்டு விலக்கிவைத்த அதே இலக்கியம். சாமுவேல் ரிச்சர்ட்சன் லண்டனில் அச்சகம் நடத்தியவர். இரண்டு புத்தக வியாபாரிகள் அவரிடம் வந்து, கிராமத்து வாசகர்களுக்கு மாதிரிக் கடிதங்கள் அடங்கிய கையேடு ஒன்று எழுதித் தரக் கேட்கிறார்கள். நம் கைடு மாதிரியான சரக்குத்தான். அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, எசமானனின் அத்துமீறலுக்கு ஆளாகும் வேலைக்காரப் பெண் தன் பெற்றோருக்கு எழுதும் கடிதங்களாக ஒரு கதை கிளைக்கிறது. 'பமிலா' 1740இல் வந்தது. கையேடு அதற்கடுத்த ஆண்டுதான் வந்தது. ஆங்கில நாவலின் தொடக்கக் கணக்கில் வைக்கப்படும் ஒரு பிரதி, லெட்டர் ரைட்டிங் பயிற்சியிலிருந்து முளைத்தது. பமிலாவின் முடிவு எனக்கு ஒப்பாதது (எசமானனையே கட்டிக்கொள்கிறாள்). ஆனால் நாவல் நெடுகிலும் அவள் கடிதங்களில் யார் என்ன செய்தான் என்பது ஆளோடு, அறையோடு, நேரத்தோடு இருக்கிறது. 'பை' எங்கும் விடுபடவில்லை. பணிவான மகளின் கடித வடிவத்துக்குள் இருந்துகொண்டே அவள் மறுக்கிறாள். எங்கள் ஆங்கில வகுப்பில் இதை யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடிதமும் இலக்கியமும் சந்திக்கிற இடமாக நம் பள்ளிச் சுவர்களில் ஆபிரகாம் லிங்கன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய கடிதம்தான் தொங்குகிறது. அதை லிங்கன் எழுதியதற்கு ஆதாரமே இல்லை. எழுதியவன் பெயர் பொய்யாக இருக்கும் கடிதத்தைச் சுவரில் மாட்டி, அதன் கீழே எக்ஸ் எக்ஸ் எக்ஸை உட்காரவைத்து எழுதச் சொல்கிறோம்.

மாட்டுவதற்கு வேறு கடிதம் இல்லாமலில்லை. 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியபோது, அப்படி நடத்தினால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து உட்காருவார்கள் என்று எதிர்த்து இரட்டைமலை சீனிவாசன் ஒரு மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பச் செய்தார். நீளம் 112 அடி, கையெழுத்துகள் 3412. தேசியவாதிகள் இதை ராஜவிசுவாசம் என்று சொல்லி ஒதுக்கினார்கள், இன்றும் சிலர் ஒதுக்குகிறார்கள். விசுவாசத்தின் வடிவத்தில் எழுதப்பட்ட மறுப்பு அது என்பதைப் படிக்க, வடிவத்தையும் வாக்கியத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கல்வியைத்தான் மூன்றாகப் பிரித்து மதிப்பெண் போட்டார்கள். 112 அடிக் காகிதத்தில் 3412 பேர் தங்கள் பெயரில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தது பதினோராம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பாடமாக வர வேண்டும் என்பது என் ஆசை. வந்தால் பாடத்துக்குக் கீழே என்ன பயிற்சி இருக்கும் என்பதும் தெரியும்: கோடிட்ட வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக, இரண்டு மதிப்பெண்.